திருப்பிப் போட்ட அணி

பிறந்தநாள் இல்லாமல் ஒருவர் கேக் கொண்டுவந்தால் அவர் எதையோ உடைத்திருக்கிறார் என்று பொருள். ஜெர்மனியின் மக்டெபுர்கில் எல்பே ஆற்றங்கரையில் இருந்த அந்தக் கணித ஆய்வுக்கூடத்தில் இது எழுதாத சட்டம். பிறந்தநாள்காரர் கேக் கொண்டுவருவார், அது எல்லா ஊரிலும் உள்ளதுதான். இந்தக் கூடத்தில் இன்னொன்றும் உண்டு. எல்லோருக்கும் பொதுவான கணினி நிரலை யார் கெடுத்தாரோ, அவர் மறுநாள் கேக்கை வைத்து, "நான்தான், இன்ன இடத்தில்" என்று வாயால் சொல்ல வேண்டும். தின்றுவிட்டு மற்றவர்கள் மன்னித்துவிடுவார்கள்.

நவம்பர் நாலாம் தேதி, திங்கட்கிழமை, இங்கோல்ஃப் பிராண்டிஸ் காபி அறையில் ஒரு பெரிய தட்டு ஆப்பிள் கேக்கை வைத்தார். அவருடைய பிறந்தநாள் மார்ச்சில். போன மார்ச்சில் தின்ற செர்ரி கேக் வீப்கே லோசேக்கு நன்றாக நினைவிருந்தது.

"என்ன விசேஷம், ஹெர் பிராண்டிஸ்?" என்றாள், அந்த ஊர் வழக்கப்படி 'திரு' போட்டு.

"விசேஷமா? ஒண்ணுமில்லயே. தோட்டத்துல ஆப்பிள் ஏகத்துக்கும் விழுந்து கெடக்குது. யாரு திங்கறது?"

சொன்னவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, காபிக் குவளையைப் பார்த்தார். போதாததற்கு, போகிறபோக்கில் இதையும் போட்டார்:

"ஃபிராவ் லோசே, ஆறு வருஷமா நாம 'நீங்க, வாங்க'ன்னே பேசிட்டிருக்கோம். வயசுல மூத்தவன் நான்தான் ஆரம்பிக்கணும். இனிமே 'நீ'ன்னு பேசிக்கலாமே. நான் இங்கோல்ஃப்."

"நான் வீப்கே" என்றாள் அவளும், வேறு வழியில்லாமல். அந்த ஊரில் 'நீ'யை நீட்டினால் மறுக்கக் கூடாது. ஆனால் ஆறு வருடம் வராத பாசம் ஒரு திங்கட்கிழமை காலையில் கேக்கோடு சேர்ந்து வருமா? வெள்ளைக்காரன் தேசத்திலும் சோழியன் குடுமி சும்மா ஆடாது.

வீப்கேக்கு முப்பத்தேழு வயது. ஆறு வருடமாக ஒப்பந்தத்தின் மேல் ஒப்பந்தமாக இழுத்துக்கொண்டிருந்தாள், டிசம்பரோடு எல்லாம் தீர்ந்துவிடும். அதற்கு மேல் சட்டப்படி நீட்டிக்க முடியாது. ஒன்று நிரந்தர வேலை, இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டும். கூடத்தில் ஒரே ஒரு நிரந்தர இடம் இருந்தது. அதற்கான தாளில் கையெழுத்துப் போட வேண்டியவர் பேராசிரியை கெசினே தோர்மான். வீப்கேயின் ஓட்டக் கணக்கை முன்னிட்டுத்தான் அந்தக் கையெழுத்து வரவிருந்தது.

அது என்ன ஓட்டக் கணக்கு? ஆற்றின் நடுவே ஒரு கம்பத்தை நட்டால் அதன் பின்னால் தண்ணீர் இடமும் வலமுமாக மாறிமாறிச் சுழித்துக்கொண்டு போகும். காற்றும் அப்படித்தான். உயர்ந்த புகைபோக்கிகள் ஆடுவதும் பாலத்துக் கம்பிகள் அதிர்வதும் அந்தச் சுழிகளால்தான். கம்பத்தின் முதுகில் இரண்டு சின்னத் துளைகள் வைத்து, சரியான நேரத்தில் சரியான அளவுக்குத் தண்ணீரையோ காற்றையோ ஊதி, உறிஞ்சினால் சுழிகள் அடங்கிவிடும். எப்போது, எவ்வளவு ஊதுவது? ஓட்டத்தைப் பார்த்துப் பார்த்துப் பதில் சொல்லும் ஒரு சூத்திரம் வேண்டும். அந்தச் சூத்திரம் ரிக்காட்டி சமன்பாடு என்ற ஒரு பிரம்மாண்டத்தின் வயிற்றுக்குள் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் நாம் போட்ட அணிகளில் குறுக்கே மூன்று வரிசையும் நெடுக்கே மூன்று வரிசையும் இருக்கும், வீப்கேயின் அணியில் மூன்று லட்சம். விடையை முழுதாக எழுதி வைக்க எந்தக் கணினியிலும் இடம் கிடையாது. ஆகவே அதன் சாரத்தை மட்டும், உயரமான ஒல்லியான ஓர் அட்டவணையாகப் பிழிந்தெடுக்கும் நிரல் ஒன்று கூடத்தில் இருந்தது. அதைப் பதினாலு வருடமாக எழுதிக் காத்துவந்தவர் இங்கோல்ஃப் பிராண்டிஸ். அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. பேச்சு குறைவு, கம்பளிச் சட்டை இரண்டே இரண்டு.

கேக் வந்த வாரம் புதன்கிழமை வீப்கேயின் ஓட்டம் கெட்டது.

இரண்டு வருடமாகச் சொன்ன பேச்சுக் கேட்டு அடங்கிய சுழிகள் அன்றைக்குத் திரையில் அடங்கவில்லை. ஊத ஊதப் பெருத்தன. நிரலைக் கேட்டால் அது சாது மாதிரி, "விடை கிடைத்துவிட்டது, மிச்சம் பூஜ்யத்துக்குப் பக்கத்தில்" என்றது. விடையைச் சமன்பாட்டில் போட்டுப் பார்த்தால் எவ்வளவு இடிக்கிறது என்பதைத்தான் மிச்சம் என்பார்கள். மிச்சமும் இல்லை, சுழியும் அடங்கவில்லை என்றால் யாரோ பொய் சொல்கிறார்கள். பத்து நாள் தன் பக்கத்தில் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தாள். கணக்கிடும் கட்டங்களின் வலையைச் சின்னதாக்கினாள், துளையை நகர்த்தினாள், வேகத்தைக் குறைத்தாள். சுழிகள் ஆடிக்கொண்டே இருந்தன.

சந்தேகம் வந்துவிட்டால் மனிதர் செய்வதெல்லாம் சாட்சியாகிவிடும். இங்கோல்ஃப் வழக்கத்தைவிட முன்னால் வந்தார், ஏன்? தாழ்வாரத்தில் அவளைப் பார்த்ததும் அச்சுப்பொறிப் பக்கம் திரும்பினார், அங்கே அவருக்கு என்ன வேலை? உணவகத்தில் எப்போதும் ஜன்னலோரம் தனியாக உட்காருபவர், ஒரு வியாழக்கிழமை பன்றிக்காலும் பட்டாணிக் கூழும் நிறைந்த தட்டோடு நேராக அவள் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"நல்லா சாப்பிடு, வீப்கே. உன் ஓட்டம் எப்படி இருக்கு?"

"ஏன் கேக்கறீங்க?" 'நீ' அவளுக்கு நாக்கில் ஏறவில்லை.

"சும்மாதான். அடங்குதா?"

"பிரமாதமா அடங்குது."

"அப்பாடா" என்றார் இங்கோல்ஃப். அந்த 'அப்பாடா' எதற்கு? அன்று மாலை வரை அவள் அதையே உருட்டிக்கொண்டிருந்தாள். கெடுத்தவனுக்குத்தானே கெட்டதா இல்லையா என்ற கவலை இருக்கும்? அந்த நிரந்தர இடம் வீப்கேக்குப் போனால் நிரலின் பொறுப்பும் மெல்ல மெல்ல அவளிடம் வரும் என்று கூடத்தில் பேச்சு இருந்தது. பதினாலு வருடம் வளர்த்ததை இன்னொருத்தி கையில் கொடுக்க எந்த மனிதனுக்கு மனம் வரும்? எல்லாம் ஒன்றுக்கொன்று கச்சிதமாகப் பொருந்தியது. சந்தேகத்தில் எல்லாமே கச்சிதமாகத்தான் பொருந்தும், அதுதான் அதில் உள்ள ஆபத்து.

பொது நிரலில் யார், எப்போது, எந்த வரியைத் தொட்டாலும் அது பதிவேட்டில் ஏறிவிடும். மறுவாரம் செவ்வாயன்று வீப்கே அதைத் திறந்தாள். நவம்பர் மூன்று, ஞாயிற்றுக்கிழமை. கேக்குக்கு முந்தின நாள். மாற்றியவர்: பிராண்டிஸ். என்ன மாற்றம் என்று விளக்க வேண்டிய இடத்தில் இரண்டே சொற்கள்: "சிறு சுத்தம்."

அவளுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை எவன் சுத்தம் செய்வான்? பக்கத்து வீட்டுக்காரன் போலீசைக் கூப்பிட்டுவிடுவான். உள்ளே போய்ப் பார்த்தாள். நாலாயிரம் வரிகளில் ஒரே ஒரு வரி மாறியிருந்தது. அந்த வரியிலும் ஒரே ஒரு குறி. ஓர் அணியின் பெயருக்குத் தலைமாட்டில், ஈ உட்கார்ந்த மாதிரி, ஒற்றை மேற்கோள் குறி. குறுக்கு வரிசையை நெடுக்காகவும் நெடுக்கு வரிசையைக் குறுக்காகவும் திருப்பிப் போடு என்று கணினிக்குச் சொல்லும் குறி அது. முன்பு அங்கே இருந்ததில்லை.

அது ஏன் அங்கே வந்தது, வந்தது சரியா தவறா என்று ஒரு நிமிடம் உட்கார்ந்து யோசித்திருக்கலாம். கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கியவள்தானே? யோசிக்கவில்லை. கள்ளனைக் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் தோர்மானுக்கு ஒரு கடிதம் அடித்தாள். "என் வேலையைப் பாதிக்கும் என்று தெரிந்தே, யாருக்கும் சொல்லாமல், பொது நிரலின் மையத்தில் கை வைத்திருக்கிறார்" என்று எழுதி, நகலை இங்கோல்ஃபுக்கும் அனுப்பினாள். முதுகுக்குப் பின்னால் பேசினாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதாம்.

தோர்மானின் பதில் ஒரே வரி: "வியாழன் இரண்டு மணி, என் அறை, இருவரும்."

வியாழக்கிழமை காலை வீப்கே உற்சாகமாக வந்தாள். ஞாயிற்றுக்கு முன் இப்படி, ஞாயிற்றுக்குப் பின் இப்படி என்று இரண்டு படங்களைப் பேராசிரியையின் மேசையில் வைக்க வேண்டும். படம் எடுப்பதற்காகத் தன்னுடைய நிரலைத் திறந்து, இங்கோல்ஃபின் நிரலைக் கூப்பிடும் வரிக்கு வந்தாள். அந்த வரியை அவள் பார்த்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

அங்கே, அவளுடைய அணியின் பெயருக்குத் தலைமாட்டில், இன்னொரு ஈ உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் அவளே எழுதிய குறிப்பு: "இதை எடுக்காதே. எடுத்தால் ஓடாது. ஏன் என்று பிறகு பார்க்கலாம். வீ.லோ."

வீப்கே நாற்காலியில் அப்படியே சாய்ந்தாள். இப்போதுதான் யோசித்தாள், யோசித்ததும் எல்லாம் விளங்கிவிட்டது.

இங்கோல்ஃபின் நிரலில் பதினாலு வருடமாக ஒரு குறி விட்டுப்போயிருந்தது. யாருக்கும் தெரியவில்லை. ஏனென்றால் இந்தக் கூடத்தில் எந்த நிரலையும் ஒரே கணக்கை வைத்துத்தான் சோதிப்பார்கள். பழுக்கக் காய்ச்சிய தண்டவாளம் எப்படிக் குளிர்கிறது என்ற கணக்கு. சூட்டுக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. இங்கிருந்து அங்கே எப்படிப் பரவுமோ அப்படியேதான் அங்கிருந்து இங்கேயும் பரவும். ஆகவே அதன் அணி 'விகடகவி' மாதிரி, எந்தப் பக்கமிருந்து வாசித்தாலும் ஒன்றுதான். திருப்பிப் போட்டாலும் அதே, போடாவிட்டாலும் அதே. ஆனால் ஓடுகிற தண்ணீர் அப்படியா? மேலே விழுந்த இலை கீழே வரும், கீழே விழுந்த இலை மேலே போகாது. ஓட்டத்தின் அணியைத் திருப்பிப் போட்டால் ஆறு தலைகீழாக ஓடும்.

இரண்டு வருடத்துக்கு முன் கட்டுரை அனுப்ப வேண்டிய கடைசி வாரத்தில் அவளுடைய சுழிகள் அடங்க மறுத்தன. கைக்கு வந்ததையெல்லாம் மாற்றிப் பார்த்தவள் ஒரு கட்டத்தில் அந்தக் குறியைப் போட்டாள், சுழிகள் அடங்கின. ஏன் என்று தெரியவில்லை. தெரிந்துகொள்ள நேரமும் இல்லை. அவர் திருப்பாமல் விட்டதை இவள் முன்கூட்டியே திருப்பிக் கொடுத்திருக்கிறாள். இரண்டு தப்பும் சேர்ந்து ஒரு சரி. அச்சான கட்டுரையிலோ, எல்லாம் தெரிந்தே செய்தது போல ஆறு பக்கத்துக்கு நிரூபணம். அதில் அந்தக் குறியைப் பற்றி மூச்சு இல்லை. கட்டுரையைத் தோர்மான் போகிற கூட்டத்திலெல்லாம் மெச்சினார். இங்கோல்ஃப் அந்த ஞாயிறன்று தன் தப்பைச் சரி செய்தார், உடனே இவளுடைய தப்பு தனியாக வெளியே வந்து நின்றது.

குறியை அழித்தாள், ஓட்டினாள். திரையில் சுழிகள் ஒவ்வொன்றாகத் தேய்ந்து, கம்பத்தின் பின்னால் தண்ணீர் கோடு கிழித்தது போல ஓடியது. குறிப்பையும் அழித்தாள். அழித்த பிறகுதான் உறைத்தது. அவரவர் சொந்த நிரல்களும் அதே பதிவேட்டில்தான் ஏறும், பதிவேட்டில் எதுவும் அழியாது. அந்தப் பதிவேட்டைத் தினமும் காலையில் செய்தித்தாள் மாதிரி படிக்கிற மனிதர் கூடத்தில் ஒருவர்தான்.

'அவருக்குத் தெரியுமோ?'

'அடங்குதா' என்று கேட்டாரே. 'அப்பாடா' என்றாரே. வேவு பார்க்க வந்தாரோ? 'நீ' கொடுத்தது கூட, "உன் குட்டு என் கையில்" என்பதற்கு முன்னுரையோ? காலையில் வேட்டைக்காரியாக வந்தவள் மதியத்துக்குள் முயலாகிவிட்டாள். சாப்பிடவும் போகவில்லை.

இரண்டு மணிக்குத் தோர்மானின் அறை. பேராசிரியை உயரமான பெண்மணி. நிரல் எழுதுவதை விட்டுப் பத்து வருடமாகக் குழுக்களிலும் ரயில்களிலும் காலம் தள்ளுபவர். மேசையில் வீப்கேயின் நியமனத் தாள் இருந்தது, அதன்மேல் மூடி திறந்த பேனா. இங்கோல்ஃப் ஏற்கெனவே ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்.

"வணக்கம், ஃபிராவ் லோசே. உங்க கடிதம் வந்துச்சு" என்றார்.

கொடுத்த 'நீ'யைத் திரும்ப வாங்கிவிட்டார். அந்த ஊரில் அது கன்னத்தில் அறைவதற்குச் சமம். வீப்கேக்கு முகம் எரிந்தது.

"எனக்கு மூணு மணிக்கு ரயில்" என்றார் தோர்மான். "இங்கோல்ஃப், அந்த வரியில கை வெச்சது நீதானா?"

"நான்தான்."

"யார்கிட்டயும் சொல்லல?"

"சொல்லல."

"பதினாலு வருஷமா இந்தக் கூடத்துக்கு விதி எழுதினதே நீ. சொல்லாம தொடாதேன்னு பசங்கள விரட்டறதும் நீ. ஏன்யா?"

இங்கோல்ஃப் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். "அங்க ஒரு குறி விட்டுப் போயிருந்துச்சு, கெசினே. ஆரம்பத்துல இருந்தே. கையேடு எழுத உக்காந்தப்பதான் கண்ணுல பட்டுச்சு. பதினாலு வருஷம். எனக்கு மானம் போயிடுச்சு. திருத்தினேன். விதிப்படி கேக் கொண்டாந்து வெச்சேன். சொல்லணும்னுதான் நின்னேன், வாய் வரல. ஆப்பிள் விழுந்துச்சுன்னு என்னமோ உளறினேன்."

அந்தப் பெரிய மனிதரின் காது மடல்கள் சிவந்திருந்தன. அதை அவமானம் என்று எடுத்துக்கொள்ளலாம். வீப்கே அன்று எதையும் உள்ளபடி எடுத்துக்கொள்ளும் நிலையில் இல்லை. 'நல்லா நடிக்கிறார்' என்று நினைத்தாள்.

"சரி, இப்ப நிலைமை என்ன?" தோர்மான் வீப்கே பக்கம் திரும்பினார். "உன் ஓட்டம்?"

"காலைல சரியாயிடுச்சு. அவர் மாத்தினதுக்கு ஏத்த மாதிரி என் பக்கத்துல கொஞ்சம் மாத்திக்கிட்டேன்." சொல்லும்போது தன் குரல் தனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

"அப்போ முடிஞ்சுது. இங்கோல்ஃப், திங்கக்கிழமை எல்லார் முன்னாடியும் நீயே சொல்லிடு. வருஷம் பொறந்ததும் நிரல் பொறுப்ப வீப்கே எடுத்துக்கட்டும். உனக்கும் ஓய்வு." தோர்மான் பேனாவைக் கையில் எடுத்தார்.

"எடுத்துக்கட்டும்" என்றார் இங்கோல்ஃப். பிறகு மெதுவாக, "ஒண்ணுதான் எனக்குப் புரியல. யாருக்கும் பாதிப்பு இருக்காதுன்னு நெனச்சுத்தான் திருத்தினேன். தண்டவாளத்துக்கு அது இருந்தாலும் ஒண்ணு, இல்லாட்டியும் ஒண்ணு. ஓட்டக் கணக்கு இங்க ஃபிராவ் லோசேக்கு மட்டும்தான். அவங்களுதுதான் ரெண்டு வருஷமா சரியா வந்துட்டிருந்துச்சே! அதனால அவங்க அந்தப் பகுதியத் தொடறதே இல்லன்னு நெனச்சேன்" என்றார்.

தோர்மான் காதில் அது விழவில்லை. அவர் தாளில் தேதி நிரப்பிக்கொண்டிருந்தார்.

வீப்கேயின் காதில் முழுதாக விழுந்தது. 'சரியா வந்துட்டிருந்துச்சே.' அந்த ஏகாரத்தில் ஒரு கத்தி இருந்தது. தெரியும், இவருக்கு எல்லாம் தெரியும். சொல்லாமல் சொல்கிறார். இப்போது சொல்ல மாட்டார், கையெழுத்து விழட்டும் என்று காத்திருக்கிறார். அதன்பின் ஓய்வு பெறும் வரை, ஓய்வுக்குப் பிறகும், தாழ்வாரத்தில், உணவகத்தில், "உன் ஓட்டம் எப்படி இருக்கு" என்று ஒரு வார்த்தை போதும். வருடக்கணக்காகச் சாகடிக்கலாம். ஜன்னலோரத்தில் அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். சாந்தமான, கொஞ்சம் குழம்பிய நீலக் கண்கள். நடிப்பு! அவர் வாயிலிருந்து வருவதற்கு முன் தன் வாயிலிருந்து வந்துவிட்டால் அந்தப் பிடி அவர் கையில் இருக்காது.

"பேனாவ வெச்சுடுங்க, கெசினே" என்றாள் வீப்கே.

"என்னது?"

"அவர் சொல்ல வர்றத நானே சொல்லிடறேன். என் வரியிலயும் ஒரு குறி இருந்துச்சு. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நான் போட்டது. ஏன் போட்டேன்னு எனக்கே தெரியாது. போட்டா ஓடுச்சு, விட்டுட்டேன். அவர் விட்டதும் நான் போட்டதும் ஒண்ண ஒண்ணு சரி பண்ணிக்கிச்சு. அச்சுல வந்த நிரூபணத்துக்கும் நான் ஓட்டினதுக்கும் சம்பந்தமே இல்ல. இன்னிக்குக் காலைல அந்தக் குறிய அழிச்சேன். குறிப்பையும் அழிச்சேன்."

தோர்மான் பேனாவின் மூடியைத் தேடி எடுத்து, திருகி மூடினார். நியமனத் தாளை எடுத்து, பாதி நிரப்பிய தேதியோடு, இழுப்பறையில் வைத்தார்.

"கட்டுரைக்குத் திருத்தம் போகணும்" என்றார். "அது அச்சாகி வராம இதுல நான் கை வெக்க முடியாது. டிசம்பருக்குள்ள வராது. உனக்கே தெரியும்."

"தெரியும்."

"அதக் கூட விடு. இன்னிக்குக் காலைல அழிச்சியே, அத நான் எந்தக் கணக்குல வெக்கறது?" பதிலுக்குக் காத்திராமல் மேல்கோட்டை எடுத்துக்கொண்டு ரயிலுக்குப் போய்விட்டார்.

இருவரும் மிஞ்சினார்கள். வீப்கே இங்கோல்ஃபை நேராகப் பார்த்தாள். தோற்றவளின் தைரியம் வந்திருந்தது.

"இப்ப சந்தோஷமா? எப்போல இருந்து உங்களுக்குத் தெரியும்?"

அவள் சொன்னதை இன்னும் அவர் மனதுக்குள் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். விரல் காற்றில் ஒரு குறி போட்டது, பக்கத்தில் இன்னொன்று போட்டது, இரண்டையும் அடித்தது. முகம் மெல்ல மெல்ல வெளிச்சமாகி, உடனே வாடியது.

"அதான் சரியா வந்துச்சா!" என்றார். "ஐயோ, வீப்கே. எனக்குத் தெரியவே தெரியாதே."

மூன்று வாரத்தில் அவர் சொன்னவற்றுள் அவள் முதன்முதலாக நம்பியது அதைத்தான்.